கேளாமல் வாங்கியதும் கேட்டு வாங்கியதும்

கத்தரிக்காய் வாங்குகிறவர் காம்பைப் பார்க்கிறார். வெண்டைக்காய் வாங்குகிறவர் நுனியை ஒடித்துப் பார்க்கிறார். பொன் வாங்குகிறவர் முத்திரையைத் தேடுகிறார். புடைவை வாங்குகிறவர் கடைக்கு வெளியே வந்து வெயிலில் விரித்துப் பார்க்கிறார். ஒரு வேளைக் குழம்புக்கும் ஒரு தீபாவளிக்கும் இத்தனை ஆராய்ச்சி செய்கின்ற நாம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்மோடு ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கப்போகும் ஓர் உயிரை வாங்கும்போது எதைப் பார்க்கிறோம்? பெரும்பாலும் ஒன்றையும் பார்ப்பதில்லை. அது வாலை ஆட்டுகிறது. நாம் பணப்பையைத் திறக்கிறோம்.

இதை ஊருக்குச் சொல்லும் அறிவுரை என்று அன்பர்கள் எண்ண வேண்டா. நாங்களே செய்த பிழை இது. அதை ஒருமுறை செய்து, வருந்தி, பின்னர் ஒருவாறு திருத்திக்கொண்ட கதையைத்தான் இங்கே சொல்லப் புகுந்தோம்.

எங்கள் குடும்பம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்குச் சிறிது தொலைவில், பழைய வீடொன்றின் கீழ்ப்பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கிறது. முன்புறம் ஒரு சிறு முற்றமும் அதில் ஒரு முருங்கை மரமும் உண்டு. பிழைப்பு, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணி. பி.ஏ. பட்டத்தோடு உள்ளே நுழைந்தது முதல் இருபது ஆண்டுகளாகப் பில்லும் வவுச்சரும் கோப்பும்தான் உலகம். எங்கள் பிரிவுக்கு ஒரு பெயர் உண்டு. பற்றுச்சீட்டு இல்லாத பில் எதுவும் எங்கள் மேசையைத் தாண்டிப் போகாது. நாற்பது ரூபாய் ஆட்டோக் கட்டணமாக இருந்தாலும் சரி, ‘உரிய சான்று இணைக்கப்படவில்லை’ என்று ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவோம். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்படிப்பட்ட நாங்கள் 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நகரின் சந்தைத் தெரு ஒன்றிலே ஒரு நாய்க்குட்டியை வாங்கினோம். மகளுக்கு அப்போது எட்டு வயது. பொன்னிற ரோமத்தோடு, கோல்டன் ரெட்ரீவர் என்று சொல்லி, கம்பிக் கூண்டுக்குள் ஐந்தாறு குட்டிகளை வைத்திருந்தார்கள். “நாற்பத்தைந்து நாள் குட்டி சார், எல்லா ஊசியும் போட்டாயிற்று” என்றார் விற்றவர். ஊசி போட்டதற்குச் சீட்டு எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. தாய் எங்கே என்று கேட்கவில்லை. நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “கடைசி விலை என்ன?” அரைமணி நேரம் பேரம் பேசி இரண்டாயிரம் ரூபாய் குறைத்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டாயிரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

வியாழக்கிழமை குட்டி பால் குடிக்கவில்லை. அன்றிரவே வாந்தி. மறுநாள் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் பார்த்தவுடனே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். பார்வோ. குளுக்கோஸ் ஏற்றினார்கள்; ஊசி போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அது இறந்துவிட்டது. என்ன பெயர் வைப்பது என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வருமுன்பே அது போய்விட்டது.

மகள் அழுதாள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அழுகை ஓய்ந்தபின் அவள் கேட்ட கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. “அதோட அம்மா எங்கேப்பா இருக்கும்? அதுக்குச் சொல்ல வேண்டாமா?”

எங்களால் விடை சொல்ல முடியவில்லை. அந்தக் குட்டி எந்த ஊரில் பிறந்தது, எத்தனையாம் நாளில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது, கூண்டுக்கு வருமுன் எத்தனை கை மாறியது என்பன எவையும் எங்களுக்குத் தெரியாது. நாற்பது ரூபாய்க்குச் சான்று கேட்பவர்கள் ஓர் உயிருக்கு ஒரு துண்டுக் காகிதமும் கேட்கவில்லை. அன்று அலுவலகம் போய் உட்கார்ந்தபோது, மேசைமேல் கிடந்த ஆட்சேபக் குறிப்புகள் எல்லாம் எங்களை நோக்கியே எழுதப்பட்டவைபோல் தோன்றின.

பிறகு தெரிந்துகொண்டோம். பார்வோ என்பது 1978ஆம் ஆண்டுவாக்கில் உலகில் முதன்முதலாக இனங்காணப்பட்ட நச்சுயிரி நோய். நோயுற்ற நாயின் மலத்தின் வழியே பரவுவது. மண்ணிலும் தரையிலும் ஓராண்டுக்கு மேலும் உயிர்ப்போடு கிடக்க வல்லது. உடம்பில் புகுந்து சில நாள் கழித்தே தன்னைக் காட்டும். ஆகையால், கூண்டிலே துள்ளி விளையாடும் குட்டி அப்போதே நோயைச் சுமந்துகொண்டிருக்கக் கூடும். இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி; பின்னர் மூன்று நான்கு வார இடைவெளியில், நான்கு மாதம் நிறையும்வரை தொடர் ஊசிகள். தாய்ப்பாலின் வழியே வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிப்பதில்லை. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் ஒரே ஊசியோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய விதிகளை மத்திய அரசு 2017ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருக்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. எட்டு வாரம் என்பது ஐம்பத்தாறு நாள். விற்றவர் நாற்பத்தைந்து நாள் என்று வாயாலேயே சொன்னார். விதி அப்போது நடப்பில் இருந்தது. விதிகளைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட நாங்கள்தாம் அதைப் படித்திருக்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் ஒருநாள், மகளின் மனம் மாறட்டும் என்று கஸ்தூரிபா சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். செந்நிறச் சுவர்களோடு கப்பன் பூங்காவை ஒட்டி நிற்கும் அந்தக் கட்டடத்தில், மாண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொண்டுவந்த கல் ஒன்று இருந்தது. அதில் ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் பொருதும் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது.

தமிழர்களாகிய நமக்கு அந்தக் கல் ஒரு வகையில் துயரமானது. கி.பி. 949இல் தக்கோலத்தில் நடந்த போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும், அவனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகனும் சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்தினார்கள். யானைமேல் இருந்தபடியே அவன் உயிர்நீத்த செய்தியை நாம் அறிவோம். ஆதகூர்க் கல் அந்தப் போரையும் குறிக்கிறது. ஆனால் அது நாட்டப்பட்ட காரணம் போர் அன்று. பூதுகனின் வீரர்களுள் ஒருவன் மணலேரன். அவன் ஆற்றலைக் கண்டு மகிழ்ந்த மன்னன், வேண்டுவதைக் கேள் என்றான். ஊரையும் பொன்னையும் கேட்டிருக்கலாம். மணலேரனோ மன்னனிடமிருந்த காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்பு ஒரு குன்றின் பக்கம் பெரிய பன்றியொன்றின்மேல் பாய்ந்த காளி, அதைக் கொன்று தானும் மடிந்தது. அதன் நினைவாகச் செல்லேசுவரர் கோயில் முன்பு கல்லை நாட்டி, நிலமும் விட்டு, இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் கோயில் பூசகர் உண்ணலாகாது என்றும் எழுதி வைத்தார்கள்.

மகள் அந்தக் கல்லின் முன் நெடுநேரம் நின்றாள். “நாய்க்குப் பேர் இருக்கு” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஆயிரத்தெழுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவன் அரசனிடம் நாயைக் கேட்டுப் பெற்றான். நாங்கள் விலையை மட்டும் கேட்டுப் பெற்றோம். அந்த வேறுபாடு எங்களுக்கு அங்கே உறைத்தது.

அதன்பின் கொரோனாக் காலம் வந்தது. 2021இல் எங்கள் தாயார் ஊரில் காலமானார். தந்தையாரைத் தனியே விட மனமின்றிப் பெங்களூருக்கு அழைத்து வந்தோம். அவர் இராசபாளையத்தில் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாடு கன்றுகளோடு வளர்ந்த மனிதர். இங்கே வந்ததும் வாசல் திண்ணையில் நாற்காலியைப் போட்டு அமர்ந்தவர், அப்படியே அமர்ந்துவிட்டார். கேட்டால் பதில் சொல்வார். தாமாக ஒன்றும் பேசமாட்டார்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மகள் மறுபடியும் நாய்க்குட்டி என்றாள். இல்லத்தரசி முதலில் உடன்படவில்லை. “இன்னொரு தடவை அதை என்னால் பார்க்க முடியாது” என்றார். தந்தையாரோ சினந்தே போனார். “நாயை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? அதுவும் வெள்ளைக்காரன் நாயை! எங்க ஊர் நாய்க்குத் தபால்தலையே போட்டிருக்கான், தெரியுமா?” என்றார். அவர் சொன்னது மெய்தான். 2005ஆம் ஆண்டு சனவரியில் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் இராசபாளையம் நாயும் ஒன்று. கர்நாடகத்து முதோள் நாயும் ஒன்று. பல மாதங்களுக்குப் பின் அவர் தாமாக இவ்வளவு பேசியதே எங்களுக்கு வியப்பாக இருந்தது.

அப்படியானால் இராசபாளையம் குட்டியே வாங்கலாமா என்று கேட்டோம். சற்று யோசித்தார். “அது ஓட இடம் வேண்டும். காவல் காக்கிற சாதி. வேற்று முகம் கண்டால் சும்மா இராது. இங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாள் முழுக்க வந்து போகிறார்கள். அதைக் கட்டிப்போட்டு வளர்ப்பது பாவம்” என்றார். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. நாய் அழகாக இருக்கிறதா என்பதன்று கேள்வி. அந்த நாய் எதற்காக உண்டாக்கப்பட்டது, அது நம் வாசலுக்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

ஆகவே கோல்டன் ரெட்ரீவர் எதற்காக உண்டாக்கப்பட்டது என்று தேடிப் படித்தோம். ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் கிசகன் என்னும் பண்ணையில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு எனப் பெயர்பெற்ற செல்வர் ஒருவர் இருந்தார். சுட்டு வீழ்த்திய பறவைகளை நீரிலும் புதரிலும் புகுந்து, பல் பதியாமல் மெல்லக் கவ்விக்கொண்டு வரும் நாய் அவருக்கு வேண்டியிருந்தது. 1868இல் ‘நூஸ்’ என்னும் மஞ்சள்நிற நாயையும் ‘பெல்’ என்னும் நீர்நாட்டம் மிகுந்த ஸ்பேனியல் நாயையும் அவர் இணைத்தார். பிறந்த குட்டிகளுக்குக் குரோகஸ், கௌஸ்லிப், பிரிம்ரோஸ் என்று மலர்களின் பெயர்களை வைத்தார். அந்த வழித்தோன்றல்களே இந்தப் பொன்னிற நாய்கள்.

இதில் எங்களைக் கவர்ந்த செய்தி வேறு. உருசிய நாட்டுச் சர்க்கஸ் கூட்டம் ஒன்றிடமிருந்து வாங்கிய நாய்களின் வழியே இந்த இனம் வந்தது என்று நெடுங்காலம் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைப் பொய்யாக்கியது எது? ஒரு கணக்குப் புத்தகம்! எந்த நாய் எதனோடு சேர்ந்தது, என்ன குட்டி பிறந்தது என்று அந்தப் பிரபு ஆண்டுதோறும் தம் புத்தகத்தில் பதிந்து வைத்திருந்தார். அவருடைய உறவினரொருவர் 1952இல் அந்தக் குறிப்புகளை வெளியிட்டதும் சர்க்கஸ் கதை மறைந்தது. எழுத்தர்களாகிய எங்களுக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வாய்ப்பேச்சு வளரும், பதிவேடு நிற்கும்.

இனத்தின் குறைகளையும் படித்தோம். இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத குறை இவற்றில் பரம்பரையாக வரக்கூடும். புற்றுநோயும் இவற்றை மிகுதியாகத் தாக்கும். குளிர்நீருக்கென்று அமைந்த ஈரடுக்கு ரோமம் கோடையில் சுமையாகும். பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று சொல்லிக்கொள்கிறோம். 2016 ஏப்ரலில் இங்கே வெப்பம் 39.2 பாகை வரை ஏறியது. வெயிலேறுமுன் நடத்திக் கூட்டிவர ஆள் வேண்டும். பகலில் விசிறியின்கீழ் இடம் வேண்டும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, செய்ய முடியுமா முடியாதா என்று எதிரே குறித்து, வீட்டிலுள்ள நால்வரும் கையெழுத்திட்டோம். தந்தையாரும் முணுமுணுத்தபடியே இட்டார்.

பிறகு வளர்ப்பவர்களைத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினோம். எங்கள் கேள்விகள் ஐந்து. தாயைப் பார்க்கலாமா? தாய் தந்தை இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததுண்டா? தடுப்பூசிப் புத்தகம் உண்டா? 1896 முதல் இயங்கிவரும் இந்தியக் கென்னல் சங்கத்தில் பதிவு உண்டா? விலங்குநல வாரியச் சான்று உண்டா? ஒருவர் தாய் கிராமத்தில் இருக்கிறது என்றார். ஒருவர் எத்தனை குட்டி வேண்டும், வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றார். ஒருவர் மூன்றாவது கேள்வியிலேயே தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

இறுதியாக, ஹெசரகட்டாப் பக்கம் சிறு தோட்டத்தோடு கூடிய வீட்டில் வசிக்கும் அம்மையார் ஒருவர் அகப்பட்டார். கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஐந்து கேள்விகளுக்கும் பொறுமையாக விடை சொன்னார். பின்பு கன்னடத்தில், “இப்போது நான் கேட்கலாமா?” என்றார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா? மாற்றலாகிப் போனால் நாயை என்ன செய்வீர்கள்? குழந்தைக்கு என்ன வயது? இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா?

கடைசிக் கேள்வியில் எங்கள் நாக்கு தடுமாறியது. இல்லை என்று சொல்லிவிடலாம்; யாருக்குத் தெரியப்போகிறது? பார்வோ வந்த வீடு என்று சொன்னால் குட்டி கிடைக்காமற் போகலாம். மகள் பக்கத்தில் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடியே சொன்னோம். இரண்டாயிரம் ரூபாய் பேரத்தையும் சேர்த்தே சொன்னோம்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. “எந்த ஆண்டு?” என்றார். 2019 என்றோம். “மூன்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது; பரவாயில்லை. ஆனாலும் தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள். ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் விடாதீர்கள்” என்றவர், “இதை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாருங்கள். பெரியவரையும் அழைத்து வாருங்கள், பகலில் அதோடு இருக்கப்போகிறவர் அவர்தானே” என்றார்.

நாங்கள் முதன்முறை போனபோது குட்டிகள் இல்லை, பிறக்கவே இல்லை. தாயை மட்டும் பார்த்தோம். அது எழுந்து வந்து ஒவ்வொருவராக முகர்ந்து, தந்தையாரின் செருப்பருகில் படுத்துக்கொண்டது. அவர் குனிந்து அதன் கண், ஈறு, முலைக்காம்பு எல்லாவற்றையும் மாட்டுத் தாவணியில் பசுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு எங்களிடம், “எத்தனையாவது ஈத்து என்று கேள்” என்றார்.

எங்கள் ஐந்து கேள்விகளில் அது இல்லை. கன்னடத்தில் மொழிபெயர்த்துக் கேட்டோம். அம்மையாரின் முகம் மலர்ந்தது. “இது இரண்டாவது. மூன்றோடு நிறுத்திவிடுவேன். இத்தனை பேர் வந்தார்கள், தாய்க்காக ஒருவரும் இதைக் கேட்டதில்லை” என்றார். வீடு திரும்பும் வழியில் தந்தையார், “தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?” என்றார். பழமொழி பெண் பார்ப்பதற்கு ஏற்பட்டது. அவர் அதை நாய்க்கும் நீட்டிவிட்டார்.

அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் குட்டிகள் பிறந்தன, ஏழு. ஏழாம் வாரத்தில் பார்க்கச் சென்றோம். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒவ்வொரு நிற நாடா. சிவப்பு நாடாக் குட்டி மற்றவற்றை உருட்டித் தள்ளிக்கொண்டு முதலில் ஓடிவந்தது. மகள் அதன்மேல் மனம் வைத்துவிட்டாள். எங்களுக்கும் அதுவே பிடித்திருந்தது. அம்மையார் தலையசைத்தார். “இது நாள் முழுவதும் ஓடும் குட்டி. தாத்தாவை இழுத்துத் தள்ளிவிடும். இதை ஓட்டப் பயிற்சி செய்யும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வைத்திருக்கிறேன்” என்றார். பின்பு ஒரு தட்டைத் தரையில் ஓசைப்பட வைத்தார். ஒரு குட்டி மூலையில் ஒண்டிக்கொண்டு வெளியே வரவேயில்லை. பச்சை நாடாக் குட்டி திடுக்கிட்டுப் பின்வாங்கி, சிறிது நேரத்தில் தானே திரும்பி வந்து தட்டை முகர்ந்து பார்த்தது. “உங்கள் வீட்டுக்கு இது” என்றார். “அஞ்சும், ஆனால் அச்சத்திலேயே இருந்துவிடாது.”

மகளுக்குச் சிறிது ஏமாற்றம்தான். ஆயினும் மறுக்கவில்லை. ஆறு வாரம் இரவும் பகலும் பார்த்தவருக்குத் தெரிந்தது, அரைமணி நேரம் பார்த்த நமக்குத் தெரியுமா?

விலையைச் சொன்னார். எங்களுக்கு அது சிறிய தொகையன்று. தீபாவளிப் போனஸும் சேமிப்பும் சேர்ந்த தொகை. மாட்டுத் தாவணியில் துண்டுக்கடியில் விரல்பிடித்து விலை பேசிய பழக்கமுள்ள தந்தையார் ஏதாவது சொல்வாரோ என்று அஞ்சினோம். அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்களும் ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை.

எட்டு வாரம் நிறைந்த மறுநாள் குட்டியை அழைத்துவரப் போனோம். முதல் தடுப்பூசியின் பதிவு, குடற்பூச்சி மருந்து கொடுத்த நாள்கள், கென்னல் சங்கப் பதிவுத்தாள்கள், தோலுக்கடியில் வைத்த அரிசியளவுச் சில்லின் பதினைந்து இலக்க எண், அதுவரை தின்ற உணவில் ஒரு வாரத்துக்கான பொட்டலம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கடைசியில் ஒரு பழைய துண்டைத் தாய் நாயின் உடம்பில் நன்றாகத் தேய்த்து அதையும் கையில் தந்தார். “இரவில் அழும்போது இதைப் பக்கத்தில் போடுங்கள்” என்றார். எழுத்தர் பணியில் எத்தனையோ சான்றுகளைப் பார்த்திருக்கிறோம். அந்தத் துண்டைப் போல் ஒன்றைப் பார்த்ததில்லை.

வழியில் காரிலேயே குட்டி இருமுறை வாந்தி எடுத்தது. அந்தக் கணத்தில் இல்லத்தரசியின் முகம் வெளுத்துப்போனதை நாங்கள் மறக்க மாட்டோம். வண்டி ஆட்டத்தால் வரும் வாந்தி என்று அம்மையார் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் நான்காண்டுக்கு முந்திய வியாழக்கிழமையை அறிவுரை அழித்துவிடுமா? வீடு சேர்ந்து, அது நீர் குடித்து, முற்றத்துக் கதவோரம் உறங்கிய பிறகுதான் அவர் கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். முதல் பதினைந்து நாள் அது உண்டதையும் கழித்ததையும் ஒரு நோட்டில் எழுதி வந்தவர் அவரே.

அன்றிரவு குட்டி அழுதது. துண்டைப் போட்டோம், சிறிது அடங்கி மறுபடியும் அழுதது. நள்ளிரவில் எழுந்து பார்த்தபோது, தந்தையார் தம் கட்டிலை விட்டிறங்கிக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். ஒரு கை குட்டியின் கூடைக்குள் இருந்தது. தாழ்ந்த குரலில் அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எங்கள் தாயாரின் பெயர் ஒருமுறை காதில் விழுந்தது. நாங்கள் விளக்கைப் போடாமல் திரும்பி வந்துவிட்டோம்.

பெயரை மகள் முன்பே முடிவு செய்திருந்தாள்: காளி. பொன்னிறக் குட்டிக்குக் கரியவள் பெயரா என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். ஆதகூர்க் கல்லை அவர்கள் பார்த்ததில்லை. தந்தையார் மட்டும், “ஊர்க் காவல் தெய்வத்தின் பெயர், இருக்கட்டும்” என்றார்.

இன்று காளிக்கு இரண்டு வயது கடந்துவிட்டது. விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தந்தையாரை எழுப்பி ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்கிறது. யார் யாரை நடத்திச் செல்கிறார்கள் என்று சொல்வது கடினம். ஏரிப்பக்கத்துத் தமிழர்கள் பலருக்கு அவர் இப்போது ‘காளி தாத்தா’. கோடையில் விசிறிக்கு நேர்கீழே யார் படுப்பது என்பதில் இருவருக்கும் தகராறு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஹெசரகட்டாவுக்குப் போய்த் தாயைப் பார்த்து வருகிறோம். தாய்க்கு மகளை நினைவிருக்கிறதா என்பதை அறியோம். முகர்ந்துவிட்டு அருகருகே படுத்துக்கொள்கின்றன.

காளியின் காகிதங்களை அலுவலக வழக்கப்படி ஒரு கோப்பில் கட்டி வைத்திருக்கிறோம். அதன் முதல் தாள் காளியினுடையது அன்று. மகள் தன் கையால் கட்டம் போட்டு எழுதிய தாள் அது. பெயர், பிறந்த நாள், தாய், தந்தை, தடுப்பூசி என்று வரிசையாகத் தலைப்புகள். எதிரே எல்லாம் வெறுமை. கீழே மட்டும் ‘2019 டிசம்பர், ஏழு நாள்’ என்று எழுதியிருக்கிறாள். சான்று இணைக்கப்படாத அந்த ஒரு தாளை மட்டும் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. கோப்பைத் திறக்கும்போதெல்லாம் முதலில் அதைப் படித்துவிட்டே அடுத்த தாளுக்குப் போகிறோம்.